தனியே ஆஸ்திரேலியா போகும் ஜப்பானியப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிஸ்பேனில் நாங்கள் குடியிருந்த ஷேர்ஹவுஸ் சமையலறையில், ஒருநாள் ராத்திரி மாடி அறைப் பெண் சம்பளக் கவரைப் பிரித்து நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒசாகாவில் ஐந்து வருடம் பார்த்த வேலையை உதறிவிட்டு, ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க அனுமதிக்கும் வொர்க்கிங் ஹாலிடே விசாவில் தனியாக வந்தவள். கவரின் மேல் பென்சிலில் ஒரே ஒரு தொகை. எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, வரி பிடித்தார்களா, எதுவும் இல்லை. "குறையுற மாதிரி இருக்கேம்மா, கேட்டியா?" என்றேன். "தய்ஜோபு" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம்.

அந்தப் 'பரவாயில்லை'தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு, உழைத்த கூலியைக் கேட்பதுகூடத் தொந்தரவாகப் படுகிறது.

ஜப்பானியர்களுக்கு இந்த விசா 1980-லிருந்தே உண்டு. 18 முதல் 30 வயதுவரை விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் தடுமாறுவதால் பலருக்கு முதல் வேலை ஜப்பானிய உணவகத்தில்தான் அமைகிறது. நம்ம ஊர்க்காரர்தானே என்று நம்பி, ரசீது இல்லாமல் கையில் காசு வாங்கச் சம்மதித்துவிடுகிறார்கள். 2025 ஜூலை முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். காஷுவல், அதாவது நிரந்தரமில்லாத வேலை என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப், அதாவது சம்பள ரசீது, தர வேண்டும். விசாவில் வந்தவர் என்பதால் இதில் ஒரு காசு குறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

பேஸ்லிப் வாங்காததன் வலி பிறகுதான் தெரியும். இரண்டாம் வருட விசா வேண்டுமென்றால், அரசு குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட வேலைகளில் மூன்று மாதம், அதாவது 88 நாள், உழைத்திருக்க வேண்டும். உழைத்ததைக் காட்ட பேஸ்லிப் கைகொடுக்கும். பிரிஸ்பேன் ஓட்டலில் வருடம் முழுக்கத் தட்டு கழுவினாலும் அது இந்தக் கணக்கில் வராது. இந்த 88 நாள் வேலையை விசாவின் கடைசி நான்கு மாதத்துக்குத் தள்ளிவைக்கவே கூடாது. மழை பெய்தால் பண்ணையில் வேலை நின்றுவிடும், பழ சீசன் முடிந்தால் ஊர் மாற வேண்டிவரும். பறித்த கூடைக்கு இவ்வளவு என்று பேசினாலும், 2022 ஏப்ரல் 28 முதல் பழத்தோட்டங்களில் மணிக்கணக்கிலான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. இது தெரியாமல் வெயிலில் வாடிய பெண்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

வரி எண்ணான டிஎஃப்என் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். அது இலவசம். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் 45 சதவீதம் வரியாகப் பிடித்துவிடுவார்கள். நாடு திரும்பும்போது சூப்பர் என்கிற ஓய்வூதியச் சேமிப்பைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். அதில் 65 சதவீதம் வரியாகப் போகும்தான், ஆனாலும் மிச்சம் உங்கள் பணம்.

சில தவறுகள் ஜப்பானை விட்டுக் கிளம்புமுன்பே நடந்துவிடுகின்றன. வருடக்கணக்கில் வெளியே இருக்கப்போகிறவர், நகராட்சியில் வெளிநாடு போவதைப் பதிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குடியிருப்பு வரியை ஜனவரி 1 அன்று யார் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறார் என்று பார்த்து, முந்தைய வருட வருமானத்தின்மேல் போடுகிறார்கள். பதியாமல் போனால், கையில் வருமானமே இல்லாத நேரத்தில் அந்த பில் பெற்றோர் வீட்டுக்கு வந்து நிற்கும். போய்ச் சேர்ந்ததும் ஜப்பானியத் தூதரகத்திலும் பதிவு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு அது கட்டாயம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பும்கூட.

மாடி அறைப் பெண் ஒரு காரியம் மட்டும் சரியாகச் செய்திருந்தாள். எந்த நாளில் எத்தனை மணிக்கு உள்ளே போனாள், எப்போது வெளியே வந்தாள் என்று தன் சின்ன டைரியில் ஒரு நாள் விடாமல் குறித்திருந்தாள். கூலிப் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தோடு பேச ஆங்கிலம் போதாதே என்று தயங்கினாள். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450. அதை அழுத்தி போனை அவள் கையில் கொடுத்தேன். "ஜாப்பனீஸ்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் அவள் மொழி கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, டைரியின் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.