எல்.எல்.ஆர். தேர்வும் அதற்குப் பின்வரும் ஆறு மாதங்களும்

தமிழ்நாட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் எவரும் முதலில் பெற வேண்டியது பழகுநர் உரிமம். பேச்சில் நாம் எல்லோரும் எல்.எல்.ஆர். என்றே சொல்கிறோம். அதற்கான தேர்வு கடினமானதன்று. மாதிரி வினாக்களை ஒன்றிரண்டு மாலைகளில் மனப்பாடம் செய்தவர்கூடத் தேறிவிடலாம். ஆனால் அந்த உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் சாலையில் பழகப்போகிறவருக்கு விடை மட்டும் போதாது, அந்த விடை ஏன் சரி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தேர்வுக்குப் படிப்பதையும் சாலைக்குப் படிப்பதையும் ஒரே வேலையாகக் கொள்ளுமாறு புதிதாகத் தொடங்குவோரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் வயது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் தரப்படும் உரிமம், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதத்துடன், கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு மட்டுமே உரியது. இன்று பெரும்பாலான வீட்டு வாசல்களில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேற்பட்டவை என்பதால், பள்ளி மாணவரிடம் அதன் சாவியைக் கொடுப்பதற்கு இந்தச் சலுகை இடந்தராது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமமே பெற முடியாது. இதைப் பெற்றோர் அறிந்திருப்பது மிக அவசியம்.

விண்ணப்பம் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பிரிவில் செய்யப்படுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒவ்வொரு வகை வண்டிக்கும் உரிமக் கட்டணம் 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். இதர சேவைக் கட்டணங்கள் இதனுடன் சேரும். பைக், கார் இரண்டும் ஓட்ட எண்ணுபவர் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்டுவிடலாம். உடல்நலம் குறித்த உறுதிமொழியைப் படிவம் 1-இல் தர வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1-ஏ-வில் மருத்துவரின் சான்றும் பெற வேண்டும். அந்த உறுதிமொழியில் பலரும் படிக்காமலேயே 'ஆம்' என்று குறிக்கும் கேள்வி ஒன்று உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை உங்களால் படிக்க முடியுமா என்பதே அது. தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து 25 மீட்டர் அளந்து நின்று, கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே, உண்மையில் படித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கினால் ஓட்டுநர் பள்ளிக்குப் போகுமுன் கண் மருத்துவரிடம் போங்கள்.

தேர்வில் சாலைக் குறியீடுகள், போக்குவரத்து விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லாத ரயில்வே கடவுப்பாதையில் எடுக்க வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். விதிப்படி 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆதார் வழி விண்ணப்பிப்பவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் வசதியும் வந்துவிட்டது. அந்த வசதியைப் பயன்படுத்திப் பக்கத்தில் இருப்பவரை விடை சொல்லச் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவர் நாளை உங்கள் வண்டியில் பக்கத்தில் இருக்க மாட்டார்.

குறியீடுகளைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்வதைவிட வடிவத்தைக் கொண்டு பிரித்தறிவது எளிது. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை அல்லது வரம்பு. நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் முன்னே வருவதைப் பற்றிய எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். எண்கோணம் 'நில்' என்பதற்கும் தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு' என்பதற்கும் மட்டுமே உரியவை. அழுக்குப் படிந்து எழுத்து அழிந்திருந்தாலும் வடிவத்தைப் பார்த்தே ஓட்டுநர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அவை தனித்து அமைந்துள்ளன. விளக்குகளில் மஞ்சள் நிறத்தை 'விரைந்து கடந்துவிடு' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது. பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் தவிர மற்றவர்கள் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

யாருக்கு முன்னுரிமை என்ற வினாக்கள் கட்டாயம் வரும். விளக்கோ காவலரோ இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட்ட பிறகே நுழைய வேண்டும். மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ ஏறும் சாலையில் பாரம் ஏற்றிய வண்டி ஒருமுறை நின்றுவிட்டால், பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளம்புவது எவ்வளவு கடினம் என்பதைக் கிளட்ச் பழகியவர் உடனே உணர்வார். இறங்குபவருக்கு நிற்பது எளிது என்பதால்தான் அவர் நிற்கிறார். இறங்கும்போது நியூட்ரலில் போடுவதோ எஞ்சினை அணைப்பதோ கூடாது. அப்படிச் செய்தால் எஞ்சினின் பிடி போய், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். அது சூடேறிய பின், மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது.

ரயில்வே கடவுப்பாதை வினாவுக்குச் சட்டத்தின் 131ஆம் பிரிவே விடை. காவலர் இல்லாத கடவையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ உடன்வருபவரோ நடந்துபோய் இரு திசையிலும் ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும். உடன் யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகலப்பாதையில் ஆளில்லாக் கடவைகள் 2019 தொடக்கத்திற்குள் நீக்கப்பட்டுவிட்டபோதிலும் இந்த வினா தேர்வுப் பாடத்தில் நீடிக்கிறது.

முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்த நொடியிலிருந்து நீங்கள் அதே கம்பத்தை அடைய குறைந்தது இரண்டு நொடியாவது ஆக வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. உங்கள் கண் பிரேக் விளக்கைப் பார்த்துக் கால் மிதிப்பதற்குள்ளேயே அந்த ஒரு நொடி கழிந்துவிடும். மழையில் இந்த இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

விபத்து நேர்ந்தால் நின்று, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. 108-ஐ அழையுங்கள். 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, வகுக்கப்பட்ட வரம்புக்குள் அரசே ஏற்கிறது. ஆகவே பணத்தை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

எல்.எல்.ஆர். கிடைத்துவிட்டால் தனியே ஓட்டலாம் என்று நினைப்பதுதான் பரவலான தவறு. நிரந்தர ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர், தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியும்படி உடன் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர். பைக்கில் பின்னால் பயிற்சி தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இவற்றை மீறியபோது விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகையிலும் சிக்கல் வரும்.

எல்.எல்.ஆர். பெற்று 30 நாள் கழிந்த பின்பே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். இருசக்கர வண்டியில் 8 போட வேண்டும். இடையில் கால் தரையில் ஊன்றக் கூடாது. பலர் இதில் தடுமாறுவதற்குக் காரணம் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதுதான். வளைவில் நுழையும்போதே அது முடியும் இடத்தைப் பாருங்கள். தலை திரும்பும் பக்கம் வண்டியும் திரும்பும். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்து, வேகத்தைப் பின்பிரேக்கால் மட்டும் லேசாகக் குறையுங்கள். வளைவில் முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும். காரில் இருக்கையில் அமர்ந்ததும் கண்ணாடிகளைச் சரிசெய்து சீட் பெல்ட் போடுவதை ஆய்வாளர் சொல்லும்வரை தள்ளிப்போடாதீர்கள். பின்னோக்கி எடுக்கும்போது கிளட்ச்சைப் பாதியில் பிடித்து ஊர்ந்து செல்வதுதான் முறை. வலக்கையை நேராக நீட்டுவது வலப்புறம் திரும்புவதற்கு. நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுழற்றுவது இடப்புறம் திரும்புவதற்கு. இண்டிகேட்டர் இருந்தாலும் இக்கைச்சைகைகளைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறையும் தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் எல்.எல்.ஆரின் ஆறு மாதத்துக்குள்ளேயே கழியும் என்பதால், முதல் தேர்வை ஐந்தாம் மாதம் வரை ஒத்திப்போடாமல், நன்கு பழகியதும் இரண்டாம் அல்லது மூன்றாம் மாதத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள்.