ஆய்விதழின் தரத்தை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

குடும்பச் சேவை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே சமூகப் பணியில் முதுகலை படிக்கும் பலர், கட்டுரை அனுப்ப ஆய்விதழ் தேடும்போது முதலில் பார்ப்பது, இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணியைத்தான். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த எண் எப்படி வருகிறது? ஓர் இதழ் 2022, 2023 இரண்டு ஆண்டிலும் சேர்த்து 80 கட்டுரைகள் வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2024இல் அவை 120 முறை மேற்கோள் காட்டப்பட்டால் தாக்கக் காரணி 1.5. ஆனால் அதில் 60 மேற்கோள்கள் பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் ஒரே ஒரு மீளாய்வுக் கட்டுரைக்குக் கிடைத்திருக்கலாம். அப்படியானால் மீதி 79 கட்டுரைகளின் சராசரி 0.76தான். இதழின் எண்ணைத் தனிக் கட்டுரையின் தலையில் ஏற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் முதலில் எதிர்ப்பதும் இதைத்தான்.

நம் துறைக்கு இரண்டு ஆண்டுக் கணக்கே போதாது. முதியோர் பராமரிப்பு பற்றிய ஒரு கள ஆய்வை மற்றவர்கள் படித்து, தங்கள் ஆய்வை முடித்து, அது அச்சேறுவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். ஐந்தாண்டுத் தாக்கக் காரணியையும், ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளம் நான்கு ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துத் தரும் சைட்ஸ்கோர் என்ற மேற்கோள் சராசரியையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவ இதழோடு ஒப்பிட வேண்டாம். சமூகப் பணிப் பிரிவின் இதழ்களை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால், இந்த இதழ் எந்தக் கால்பகுதியில் நிற்கிறது என்பதே கேள்வி.

இதழின் இணையதளத்தில் இருக்கும் முத்திரைகளை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஐஎஸ்எஸ்என் என்பது எட்டு இலக்க அடையாள எண் மட்டுமே, தரச் சான்று அல்ல. கூகல் ஸ்காலரில் தெரிவதும் சான்றாகாது. அந்த எட்டு இலக்கங்களை ஸ்கோப்பஸின் இலவசப் பட்டியலில் நீங்களே தட்டித் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால், நல்ல இதழின் பெயரைத் திருடிய போலி ஏமாற்றிவிடும். பட்டியலில் இருந்தாலும், எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தால், இதழ் பெயர் மாறியிருக்கலாம், நீக்கப்பட்டும் இருக்கலாம். காரணம் தெரியாமல் அனுப்பாதீர்கள்.

கட்டணம் கேட்டாலே மோசடி என்று ஒதுக்குவதும் தவறு. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பல முறையாகவே கட்டணம் வாங்குகின்றன. தொகையை முன்கூட்டியே சொல்லாமல், ஏற்றுக்கொண்ட பிறகு நீட்டுவதுதான் ஆபத்தான அறிகுறி. ஒரே வாரத்தில் சக ஆய்வாளர் மதிப்பீடு முடியும் என்ற வாக்குறுதியும் அப்படியே.

எண் சிறியது என்று வட்டார இதழ்களைத் தள்ளிவிடுவதுதான் நமக்கு அதிக நட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சமூகப் பணித் துறையோடு தொடர்புடைய ‘ஆசியா பசிபிக் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க் அண்ட் டெவலப்மென்ட்’ போன்ற இதழை, நம் வட்டாரத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் படிக்கிறார்கள். அனுப்புவதற்கு முன், அந்த இதழின் அண்மைய இரண்டு வெளியீடுகளைத் திறந்து, ஆய்வு முறைப் பகுதியையும் நன்னெறிக் குழு ஒப்புதல் குறிப்பையும் படியுங்கள். ஆசிரியர் குழுவில் மூன்று பெயர்களை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.