நாட்டு நாய்க்குட்டிகளை கை மாத்துறதுக்கு முன்னாடி பழக்குறது எப்படி

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்னு நாட்டு நாய் வாங்கினவங்க சொல்ற முக்கால்வாசி குறை ஒண்ணுதான், குட்டி பயப்படுது, கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது, வீட்டுக்கு யாராவது வந்தா உறுமுதுன்னு. உடனே நாட்டு நாய்னாலே இப்படித்தான்னு முடிவு கட்டிடுறாங்க. நம்ம இனங்க லேப்ரடார் மாதிரி வர்றவங்க போறவங்க மேல எல்லாம் விழுந்து விளையாடாது, உண்மைதான். ஆனா புது ஆளைப் பாத்து கொஞ்சம் ஒதுங்கி நிக்கிறது வேற, நடுங்கிக்கிட்டே மூத்திரம் போறது வேற. இந்த ரெண்டாவது வகை பயம் நிறைய நேரம் நம்ம கொட்டகையிலயே ஆரம்பிச்சுடுது, அதனால குட்டி போட வைக்கிறவங்க இதை வாங்குறவங்க தலையில தள்ளக்கூடாதுங்கிறது என் கருத்து.

குட்டி மனுஷனோட பழகுற காலம் மூணாவது வாரத்துல தொடங்கி ஏறக்குறைய 12, 14 வாரத்துல முடிஞ்சுடும். அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கிற ஊர்ல ஒரு ஆராய்ச்சி செஞ்சு 1961ல வெளியிட்டாங்க, வேலி போட்ட மைதானத்துல குட்டிகளை மனுஷ வாடையே படாம வளர்த்து, வேற வேற வயசுல கொஞ்ச நாள் மட்டும் வெளிய எடுத்து பழக்கிப் பாத்தாங்க. 14 வாரம் வரைக்கும் மனுஷனையே பாக்காத குட்டிங்க அதுக்கப்புறம் காட்டு மிருகம் மாதிரி ஆகிடுச்சு, கிட்டவே வரல. நம்ம நாட்டுல நாய்க்குட்டி வளர்த்து விக்கிறதுக்கு போட்ட 2017 விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது. அப்போ கணக்கு போட்டு பாருங்க, அந்தக் காலத்துல பாதி நம்ம கையிலதான் இருக்கு, மீதி பாதியில வாங்கினவங்க ஊசி முடியலன்னு குட்டியை வீட்டுக்குள்ளயே வச்சிருப்பாங்க.

முதல் ரெண்டு வாரம் கண்ணும் காதும் மூடியிருக்கும், வாசனையும் தொடுறதும் மட்டும்தான் அதுக்கு உலகம். தினமும் கையை நல்லா கழுவிட்டு ஒவ்வொரு குட்டியா எடுத்து எடை போட்டு உடனே தாய்கிட்ட விட்டுடுங்க, அது போதும், ரொம்ப நேரம் பிரிச்சு வச்சா குளிர்ந்து போயிடும். தாய் முக்கியம். ஆளைக் கண்டாலே சீறுற பொட்டையோட குட்டிங்க அதைப் பாத்தே கத்துக்கும், அதனால அவளுக்கு பழக்கமான ஆளே சோறு வைக்கட்டும், மத்தவங்க பக்கத்துல கூட்டம் போட வேண்டாம்.

மூணாவது வாரம் காது திறந்ததும் தோட்டத்து மூலையில இருக்கிற குட்டிகளை அடுப்படி பக்கமோ திண்ணை பக்கமோ கொண்டு வந்துடுங்க. மிக்சி, குக்கர் விசில், டிவி, ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்றது எல்லாம் தானா காதுல விழும். வெடி சத்தத்துக்கு மட்டும் தனியா மெனக்கெடணும், ஏன்னா தீபாவளிக்கு வெருண்டு ஓடி காணாம போற நாய்ங்க எத்தனையோ. போன்ல வெடி சத்தத்தை ரொம்ப கம்மியா வச்சு, குட்டிங்க சாப்பிடும்போது போடுங்க. காதை தூக்கி ஒரு தடவை பாத்துட்டு திரும்ப தட்டுல வாயை வச்சா சரியா போயிட்டு இருக்குன்னு அர்த்தம், சாப்பாட்டை விட்டுட்டு ஒண்ணு மேல ஒண்ணா போய் ஒண்டுச்சுன்னா சத்தம் ஜாஸ்தி, குறைச்சு வச்சு நாளைக்கு பாத்துக்கலாம்.

நாலாவது வாரத்துல இருந்து குட்டியை தனித்தனியா எடுத்து பழக்கணும், மொத்தமா கொஞ்சுறது கணக்குல வராது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில குடுத்து தூக்குங்க, முன்னங்காலைப் பிடிச்சு தூக்கவே தூக்காதீங்க. பாதம், காது, வாய், வால் எல்லாம் மெதுவா தொட்டுப் பாருங்க, நகத்து நுனியை லேசா வெட்டுங்க, பிற்காலத்துல டாக்டர்கிட்ட போகும்போது அந்த அருமை தெரியும். குட்டி உடம்பை விறைச்சா, உதட்டை நக்கிக்கிட்டே இருந்தா, வாலை உள்ள சுருட்டினா கீழ விட்டுடுங்க. தரையில உக்காந்து அதுவா வரட்டும்னு காத்திருங்க, துரத்தி பிடிச்சு கொஞ்சினா பயம்தான் வளரும்.

அப்புறம் ஆளுங்க. தினமும் லுங்கி கட்டின ஒரே ஆளை மட்டும் பாத்து வளர்ந்த குட்டிக்கு ஹெல்மெட் போட்டவரும், கம்பு ஊன்றி வர்ற தாத்தாவும், புடவை பறக்க நடக்கிற அக்காவும், ஓடியாடுற சின்னப் புள்ளைங்களும் பேய் மாதிரிதான் தெரிவாங்க. எல்லாரையும் காட்டுங்க, ஆனா செருப்பு வெளிய, கை கால் கழுவிட்டு உள்ள, வீட்டுல நாய்க்கு உடம்பு சரியில்லாதவங்க வரவே வேண்டாம். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்த பேதியும் வர வைக்கிற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதை செருப்புலயே கொண்டு வந்துடலாம். அதே காரணத்துக்காகத்தான் குட்டியை தெருவுல இறக்கிவிடாம கையில தூக்கிட்டு போய் வாசல்ல நின்னு பஸ், ஆடு மாடு எல்லாம் காட்டணும். முதல் ஊசியும் பூச்சி மருந்தும் டாக்டர் சொல்ற தேதியில நடக்கட்டும்.

டைல்ஸ், மணல், தார்ப்பாய், சாக்கு, ஒரு படி ரெண்டு படின்னு காலுக்கு விதவிதமா கிடைக்கட்டும். ஏழாவது வாரத்துல ஒவ்வொண்ணையும் சில நிமிஷம் தனியா சாப்பாட்டோட விடுங்க, காலி வயித்துல ஒரு சின்ன கார் ரைடும் போயிட்டு வாங்க.

ராஜபாளையம் வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். அந்த வெள்ளை நிறத்தோடவே சில குட்டிங்களுக்கு செவிட்டுத்தன்மையும் வருது, கூட்டத்துல அது கண்டுபிடிக்கவே முடியாது, கூடப்பிறந்ததுங்க ஓடினா இதுவும் ஓடும். அது தனியா தூங்கும்போது பின்னாடி இருந்து, காத்தும் அதிர்வும் படாத தூரத்துல, சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. ஒரு காது மட்டும் கேக்காததை பேயர் (BAER) டெஸ்ட்லதான், அதாவது சத்தத்துக்கு மூளையில வர்ற மின் அலையை மெஷின்ல அளந்து பாக்குற டெஸ்ட்லதான், கண்டுபிடிக்க முடியும். செவிடுன்னு தெரிஞ்சா மறைச்சு விக்காதீங்க. தூக்கத்துல தோளைத் தொட்டு எழுப்பி உடனே ஒரு துண்டு கறி குடுத்துப் பழக்குங்க, திடீர்னு யாராவது தொட்டா கடிக்காம இருக்கும், கை சைகையும் அப்பவே ஆரம்பிச்சுடலாம்.

35, 40 நாள்லயே குட்டி கேட்டு அட்வான்ஸோட நிப்பாங்க, குடுக்காதீங்க. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு குட்டி கத்துக்கிறதே கூடப்பிறந்ததுங்ககிட்டதான், அழுத்திக் கடிச்சா மத்தது கத்திட்டு விளையாட்டை நிறுத்திடும். எட்டு வாரம் ஆனப்புறம் தாய் வாசனை இருக்கிற பழைய துணி ஒண்ணு, இப்போ திங்கிற சாப்பாடு ஒரு வாரத்துக்கு, எதெதுக்கு பழகியிருக்கு எதுக்கு இன்னும் பயப்படுதுன்னு எழுதின ஒரு பேப்பர் எல்லாம் சேர்த்து குடுங்க. எட்டுல இருந்து பத்து வாரத்துல பட்ட பயம் ஆழமா பதியும், அதனால பஸ் டிக்கியில பார்சலா அனுப்பாம வாங்குறவங்களையே நேர்ல வரச் சொல்லுங்க, அதுவும் காலையில, அப்போதான் இருட்டுறதுக்குள்ள புது வீட்டை மோந்து பாக்க குட்டிக்கு நேரம் கிடைக்கும்.