சிறு ஏற்றுமதி நிறுவனங்களை விருதுக்குத் தேர்ந்தெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்றுமதி விருதுத் தேர்வுக் குழுக்களில் புதிதாகச் சேருவோர், எங்கள் பழைய குழுக்கள் இடறிய அதே இடங்களில் இன்றும் இடறுவதைப் பார்க்கிறேன். படிவம் நிரம்பியிருக்கிறதா, சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் எவரும் கவனித்துவிடுவர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நாணய மதிப்பின் ஏற்றத்தை வளர்ச்சியாக எண்ணுதல்

பெருத்த சேதம் விளைவிக்கும் தவறு இதுதான். இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. பல ஏற்றுமதியாளர்கள் டாலரில் விலை பேசி, சொந்த நாட்டு நாணயத்தில் கணக்கு எழுதுகிறார்கள். அந்த நாணயம் சரிந்தால், ஒரு பெட்டிகூடக் கூடுதலாக அனுப்பாமலே விற்றுமுதல் ஏறிவிடும். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலரின் மதிப்பு சுமார் 115 யென். அதே ஆண்டு அக்டோபரில் அது 150-ஐத் தாண்டியது. டாலர் விற்பனை சற்றும் மாறாத ஒரு ஜப்பானிய நிறுவனம்கூட, இந்த இரு விலைகளையும் ஒப்பிட்டால் யென் கணக்கில் சுமார் 30 விழுக்காடு வளர்ந்ததாகத் தோன்றும்.

இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் விண்ணப்பம் ஒருமுறை எங்கள் குழுவுக்கு வந்தது. விற்பனைக் கோடு ஆண்டுக்கு ஆண்டு மேலேறியிருந்ததால் பெரும்பாலோர் அதன் பக்கம் சாய்ந்தனர். இணைப்பிலிருந்த பேக்கிங் லிஸ்ட்டுகளை (பெட்டிவாரியாகச் சரக்கின் விவரத்தையும் எடையையும் காட்டும் பட்டியல்களை) எடுத்து நிகர எடையைக் கூட்டிப் பார்த்தபோது, சரக்கின் அளவு குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. டாலர் தொகையும் அதே அளவில் குறைந்திருந்தது. எடுத்துச் சொல்லியும், அறிவிப்பு நாள் நெருங்கிவிட்டது என்று கூறி விருதை அந்த நிறுவனத்துக்கே கொடுத்தனர். அடுத்த ஆண்டு நாணயம் மீண்டதும் அந்தக் கோடு கீழே இறங்கியது. டாலர் கணக்கிலேயே நிதானமாக வளர்ந்து, பழைய வாங்குநர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் ஆர்டர் பெற்றுவந்த இன்னொரு நிறுவனம் வெறுங்கையுடன் திரும்பியது. புதிய வாங்குநரின் நம்பிக்கையைப் பெற அந்த விருது அவர்களுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

எனவே இன்வாய்ஸ் நாணயத்தில் மதிப்பு, அனுப்பிய அளவு, உள்நாட்டு நாணயத்தில் மதிப்பு ஆகிய மூன்றையும் அருகருகே கேளுங்கள். எடை குறைந்தாலே குற்றம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். உயர்விலைப் பொருளுக்கு மாறிய நிறுவனத்துக்கு எடை குறையவே செய்யும், ஆனால் அங்கே ஓர் அலகின் டாலர் விலை ஏறியிருக்கும்.

ஒரே ஆண்டை வைத்து முடிவெடுத்தல்

அமெரிக்காவில் 1961-இல் உருவான அதிபரின் ‘இ’ விருது, தொடர்ந்து நான்கு ஆண்டு ஏற்றுமதி வளர்ச்சியைக் கேட்கிறது.

அனுப்பியதையே வரவாக எண்ணுதல்

ஆண்டுக் கடைசியில் கடனுக்கு அனுப்பிய சரக்கு இன்வாய்ஸ் கணக்கில் பளிச்சென்று தெரியும்; பணம் வந்து சேர்ந்ததற்கான வங்கிச் சான்றைப் பாருங்கள்.

ஒற்றை வாங்குநர்

விற்பனையில் பாதிக்குமேல் ஒருவரிடமே போனால், காரணம் கேட்காமல் நகராதீர்கள்.

இடைநிலை ஏற்றுமதியாளர் வழியே விற்போரை ஒதுக்குதல்

சரக்கை வாங்கித் தம் பெயரில் அனுப்பும் இடைநிலை ஏற்றுமதியாளர் வழியே விற்று, சுங்க ஆவணத்தில் தங்கள் பெயர் இல்லாத காரணத்தால் தகுதியான சிறு உற்பத்தியாளர்கள் பலர் முதல் சுற்றிலேயே விழுந்துவிடுகிறார்கள். இடைநிலை ஏற்றுமதியாளர் கொடுத்த கொள்முதல் ஆணையையும், அந்தச் சரக்கு எந்தக் கப்பலில் ஏறியது என்ற விவரத்தையும் சேர்த்துக் கேட்டாலே அவர்கள் உழைப்பு கணக்கில் வந்துவிடும்.