டபிள்யூஆர்எஃப் மழையை வெள்ள மாடலுக்குக் கொண்டுபோவது எப்படி

டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலை மாடலின் அவுட்புட்டை அப்படியே ஆர்சிங்கில் (rsync, ஃபைல்களை வேறு கணினிக்கு நகலெடுக்கும் கருவி) தள்ளிவிடாதீர்கள். 500க்கு 500 கட்டம், 40 அடுக்கு என்றால் ஒரே ஒரு முப்பரிமாண மாறி நேரப்படி (டைம் ஸ்டெப்) ஒவ்வொன்றுக்கும் 40 எம்பி, வெள்ள மாடலுக்கோ தரையில் விழும் மழையும் வெப்பநிலை, காற்று மாதிரி இன்னும் சிலதும்தான் வேண்டும். எனவே என்சிஓவை (NCO, நெட்சிடிஎஃப் ஃபைல்களை வெட்டி ஒட்டும் கருவித் தொகுப்பு) வைத்து அந்த மாறிகளை மட்டும், அதுவும் ஆற்றுப்படுகைப் பகுதிக்கு மட்டும், முதலில் வெட்டி எடுங்கள்.

மழையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மாடல் மழையை ரெய்ன்சி (RAINC), ரெய்ன்என்சி (RAINNC) என்று இரண்டு மாறிகளாகப் பிரித்து வைக்கும்; இரண்டிலும் இருப்பது ஓட்டம் தொடங்கியதிலிருந்து சேர்ந்துவந்த மொத்தம், மணிக்கான மழை அல்ல. இரண்டையும் கூட்டி, முந்தைய மணியின் கூட்டலைக் கழித்து, மழைக்கு அந்த ஒரே மாறியை அனுப்புங்கள்.

அப்புறம் நெட்சிடிஎஃப்-4 (இந்தத் தரவு இருக்கும் ஃபைல் வடிவம்) சுருக்கம். டிஃப்ளேட் (சுருக்கும் அளவு) 1, கூடவே ஷஃபிள் (நன்றாகச் சுருங்கும்படி பைட்டுகளை மாற்றி அடுக்குவது), போதும். 9 வைத்தால் நேரம்தான் போகும், அளவு அதற்கேற்பக் குறையாது. சங்க் (ஃபைலுக்குள் தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) அளவை மட்டும் யோசித்து வையுங்கள்: வாங்குகிற மாடல் மணிக்கொரு வரைபடமாகப் படித்தால் ஒரு சங்க்கில் ஒரு நேரப்படி, புள்ளிவாரியாகப் படித்தால் நேரத்தை நீளமாக.

ஆர்சிங்கில் பார்ஷியல் ஆப்ஷன் (--partial, பாதியில் அறுந்தால் வந்த பகுதியை வைத்திருக்கும்) அவசியம், இசட் (-z, அனுப்பும்போது சுருக்குவது) வேண்டாம், ஏற்கெனவே சுருக்கியதுதானே. இரண்டு மாடலும் ஒரே கிளஸ்டரில் மாறி மாறிப் பேச வேண்டுமென்றால் ஃபைலே வேண்டாம், ஓயாசிஸ் (OASIS) மாதிரி கப்ளர் (ஓடும் மாடல்களுக்கிடையே தரவை நேரடியாகக் கைமாற்றும் மென்பொருள்) பக்கம் போய்விடுங்கள்.