சிரட்டையில் ஒரு தொங்கும் தொட்டி

துவையலுக்குத் தேங்காய் உடைக்கும்போதே கண் இருக்கும் பாதிச் சிரட்டையை நான் எடுத்து வைத்துவிடுவேன். மூன்று கண்களில் ஒன்று மெத்தென்றிருக்கும். அதை ஆணியால் குத்தினால் தண்ணீர் வடிய ஓட்டை தயார்.

ஒரு ராத்திரி ஊறப்போட்டு, வெளிநாரைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே தேங்காய் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. நான் அசட்டையாக விட்டேன், இரண்டே நாளில் எறும்புப் படை! நிழலில் காயவைத்து, முதலில் 80, அப்புறம் 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். தூசி மூக்கில் ஏறும், துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. சிரட்டை மினுமினுக்கும்.

விளிம்பில் ஆணி அடிக்காதீர்கள், பிளந்துவிடும். பாட்டி வீட்டு உறி மாதிரி கயிற்றை முடிந்து அதில் உட்கார வையுங்கள். நார்த்தூளும் மண்ணும் பாதிப்பாதி போட்டு, கணுவோடு வெட்டிய மணி பிளான்ட் தண்டை நடலாம்.