ஸ்கூபா டைவிங்: எத்தனை மீட்டர் வரை இறங்கலாம்?

டைவிங் பயிற்சி முடித்ததும் தருகிற கார்டில் 18 மீட்டர் என்று போட்டிருக்கும். கூட வருபவர் இன்னும் கொஞ்சம் கீழே போனால் பெரிய மீன் பார்க்கலாம் என்பார், தண்ணீரும் அன்றைக்கென்று பார்த்துத் தெளிந்து கிடக்கும். அதனால் எவ்வளவு ஆழம் போகிறோம் என்பதைப் படகில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு பேரும் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீருக்குள் போனபிறகு எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருக்காது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற பயிற்சி அமைப்புகளின் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோர்ஸ் எதுவும் முடிக்காமல், பயிற்சியாளர் கூடவே இருக்க முதல்முறை இறங்குகிறவர்களுக்கு 12 மீட்டர், ஓப்பன் வாட்டர் என்கிற அடிப்படைக் கோர்ஸ் முடித்தவர்களுக்கு 18, அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு முடித்தவர்களுக்கு 30, ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 40. பொழுதுபோக்கு டைவிங் அங்கே முடிந்தது. 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஓப்பன் வாட்டர் கார்டு இருந்தாலும் 12 மீட்டர்தான். நம் கடலோரத்தில் ஆழத்தைப் பாகம் கணக்கில் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். அப்படிப் பார்த்தால் 18 மீட்டர் என்பது 10 பாகம், 40 மீட்டர் ஏறக்குறைய 22 பாகம்.

இனி கணக்கு. இதைப் பொறுமையாகப் படியுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. நீர்மட்டத்தில் 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4, 40 மீட்டரில் 5. அழுத்தம் எத்தனை மடங்கோ, ஒரு மூச்சுக்கு சிலிண்டரிலிருந்து போகிற காற்றும் அத்தனை மடங்கு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இருந்தால் 2,200 லிட்டர் காற்று. அதில் 50 பாரைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 1,650. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆளுக்கு இந்தக் காற்று 18 மீட்டரில் 29 நிமிடம் வரும், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 16 நிமிடம்.

இதன் பக்கத்தில் நைட்ரஜன் கணக்கை வையுங்கள். கீழே இருக்க இருக்க நைட்ரஜன் உடம்பில் கரைந்துகொண்டே போகும். அளவு மீறினால் நேராக மேலே வர முடியாது, வழியில் நின்று நின்று அதை வெளியேற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அப்படி நிற்காமல் வர, அன்றைய முதல் டைவுக்குப் பாடி அட்டவணை தருகிற நேரம் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் வெறும் 9 நிமிடம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 18 மீட்டரில் நைட்ரஜன் நேரம் முடிவதற்கு ரொம்ப முன்னாலேயே காற்று குறைந்து உங்களை மேலே அனுப்பிவிடும், அதனால் சிலிண்டரில் மிச்சமிருக்கிற காற்றைக் காட்டுகிற கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 30 மீட்டரில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அதற்குக் கீழே கதை தலைகீழ். கேஜில் காற்று தாராளமாக இருக்கும், ஆனால் நேரம் முடிந்திருக்கும், உடம்பில் ஒரு அறிகுறியும் தெரியாது. 18 மீட்டரில் பழகிய பழக்கத்தோடு 35க்குப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆகவே 30ஐ நெருங்குகிற எந்த டைவிலும் கையில் டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து நைட்ரஜன் கணக்கைக் காட்டுகிற கருவி) இருந்தே ஆக வேண்டும். துணைக்கு வருபவரின் கம்ப்யூட்டரை நம்பி இறங்காதீர்கள், அவர் போன ஆழமும் நீங்கள் போன ஆழமும் ஒன்றல்ல.

அப்புறம் தலை. 30 மீட்டரை ஒட்டி நைட்ரஜன் மயக்கம், அதாவது குடித்ததுபோன்ற ஒரு கிறக்கம், தொடங்கும், சிலருக்கு இன்னும் முன்னாலேயே. ஒருமுறை 32 மீட்டரில் கேஜைப் பார்த்தேன், முள் 110இல் நின்றது. கையை இறக்கினேன், எண் மறந்துவிட்டது. திரும்பப் பார்த்தேன், திரும்ப மறந்துவிட்டது. பயமே இல்லை, சுகமாக இருந்தது, அதுதான் ஆபத்து. 5 மீட்டர் மேலே வந்ததும் தலை தெளிந்துவிட்டது. உங்களுக்கும் அப்படி ஆனால் யோசித்துக்கொண்டிருக்காமல் கொஞ்சம் மேலே ஏறுங்கள், மருந்து அவ்வளவுதான்.

காற்று 50 பாருக்கு வந்ததும் மேலே வரலாம் என்பதையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 50 பார் படகில் ஏறும்போது மிச்சமிருக்க வேண்டியது. 30 மீட்டரில் துணைவரின் காற்று தீர்ந்து இருவரும் உங்கள் சிலிண்டரிலேயே மூச்சுவிட வேண்டி வந்தால், பயத்தில் ஆளுக்கு, நீர்மட்டக் கணக்கில், நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பீர்கள். நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற மூன்றரை நிமிடம் என்று வைத்தால் 1,000 லிட்டர், அதாவது 90 பார். வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதற்குத் தனியாக இன்னும் 30 பாருக்கு மேல். நான் 30 மீட்டரில் 120 பார் காட்டியதும் கிளம்பிவிடுவேன்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த காற்று) போட்டால் இன்னும் ஆழம் போகலாம் என்பது சுத்தத் தவறு. கூடுதல் நேரம் கிடைக்கும், ஆழம் குறையும். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸுக்கு எல்லை ஏறக்குறைய 33 மீட்டர். தாண்டினால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் (மூச்சுக்குக் காற்று தருகிற கருவி) நழுவிவிடும்.

இடத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் புரியும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் அது டெக்னிக்கல் டைவிங் (பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய டைவிங்) படித்தவர்களுக்கான இடம், ஒற்றைச் சிலிண்டரோடு "மேல்பகுதியை மட்டும் தொட்டுவிட்டு வருவோம்" என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் 25 மீட்டரை ஒட்டிய ஆழத்தில்தான் இருக்கிறது, அட்வான்ஸ்டு கார்டு இருந்தால் அதைப் பாருங்கள். ஓப்பன் வாட்டர் மட்டும் முடித்திருந்தால் 18க்குள் இருக்கிற பவளப் பாறைகளே போதும். வெளிச்சமும் வண்ணமும் மீனும் அங்கேதான் அதிகம், நேரமும் கிடைக்கும்.

டைவ் முடிந்தபிறகும் உடம்பில் நைட்ரஜன் மிச்சமிருக்கும், அதனால் விமானம் ஏற, ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். மலை ஏறுவதற்கும் இதே கணக்குதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலையில் மட்டக்களப்பில் இரண்டு டைவ் போட்டுவிட்டு மதியமே அங்கே வண்டி பிடிக்காதீர்கள், அன்றைய இரவு கடலோரத்திலேயே பாசிக்குடாவில் தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.